சித்தி பொரித்த டாக்கோ

என் அம்மாவை நான் பன்னிரண்டு வயதுக்கு மேலும் சித்தி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இதில் மர்மம் ஒன்றும் கிடையாது. என்னைவிட மூன்று வயது மூத்தவளான பெரியப்பா மகள் அவளை முறைப்படி சித்தி என்றாள். நான் வளர்ந்த பெரியப்பா வீட்டில் அந்த அக்கா என்ன செய்தாலும் நானும் அதையே செய்வேன். அக்கா ஜலதோஷம் என்று படுத்தால் எனக்கும் மூக்கு ஒழுகும். அவள் பெரியம்மாவை அம்மா என்றாள், நானும் அம்மா என்றேன். திருத்தியிருக்க வேண்டியவள் பஹ்ரைனில் இருந்தாள். மற்றவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிப்போனார்கள். குழப்பம் வேண்டாம் என்பதற்காக இங்கே என்னைப் பெற்றவளை அம்மா என்றும், வளர்த்தவளைப் பெரியம்மா என்றும் எழுதுகிறேன். இந்த ஒழுங்கு எனக்கு அன்றைக்கே இருந்திருந்தால் எழுதுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

அப்பா நான் நடை பழகும் முன்பே மஞ்சள்காமாலையில் போய்விட்டார். எனக்கு நான்கு வயதானபோது அம்மா என்னைக் கரமனையில் பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டு, பஹ்ரைனில் ஓர் அமெரிக்கக் குடும்பத்துக்குச் சமைக்கப் போனாள். சர்ச்சில் விசாரித்தவர்களிடம் பெரியப்பா அவளை நர்ஸ் என்று சொல்லிவைத்திருந்தார். சமையல்காரி என்பதைவிட நர்ஸ் என்றால் ஜெபக் கூட்டத்தில் கொஞ்சம் உருக்கமாக ஜெபிப்பார்கள் என்று அவர் நினைத்திருக்கலாம். நான் பள்ளிக்கூடத்தில் டாக்டர் என்று சொல்லிவைத்திருந்தேன். இடையில் இரண்டு முறை அவள் லீவில் வந்து போனாள். இரண்டு முறையும் பெரியம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்று அவளைப் பார்த்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மூன்றாவது முறை வந்தபோது எனக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறை. கயிறு கட்டிய பெரிய அட்டைப்பெட்டியிலிருந்து சாக்லேட், டின் சீஸ், சோப்பு, எனக்கொரு ஃப்ராக், எல்லாவற்றுக்கும் அடியில் செய்தித்தாளில் சுற்றிய கனத்த இரும்புச் சாமான் ஒன்று வந்தது. இரண்டு வட்டத் தட்டுகள், நடுவே கீல், ஒரு கைப்பிடி. பெரியப்பா அதைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, இதைக் கையில் வைத்துக்கொண்டு விமானத்தில் எப்படி ஏற விட்டார்கள் என்று கேட்டார். மாவை உருட்டி நடுவில் வைத்து அமுக்கினால் ஒரே அமுக்கில் வட்டமாக வரும் என்று அம்மா சொன்னாள். வட்டமாக வருவதற்கு இங்கே பூரிக்கட்டை இல்லையா என்றார் பெரியப்பா.

ஃப்ராக் எனக்குப் பெரிதாக இருந்தது. தோள் வழிந்தது, இடுப்பு முழங்காலுக்கு அருகில் நின்றது. அம்மா என்னைச் சுற்றிச் சுற்றி வந்து இழுத்துப் பார்த்துவிட்டு, அங்கே அந்த வீட்டுப் பெண்ணுக்கும் இதே வயதுதான், அவளை நிறுத்தி வைத்து அளவு பார்த்துத்தான் வாங்கினேன் என்றாள். அவளுக்கு அது சரியாக இருந்ததாம். எனக்கு அந்தப் பெண்ணை அந்த நிமிடத்திலிருந்து பிடிக்காமல் போயிற்று. அவளுக்கு ஒரு தம்பியும் இருந்தான். அம்மா பேச்செடுத்தால் அவர்கள் இரண்டு பேரும் வந்து நிற்பார்கள். அந்தப் பெண் வெங்காயத்தைப் பொறுக்கி ஓரத்தில் வைப்பாள், அந்தப் பையன் சீஸ் இல்லாமல் ஒரு வாய் எடுக்க மாட்டான், காய்ச்சல் வந்தால் இரண்டும் இவள் மடியில்தான் கிடக்கும். எனக்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. பெரியம்மாவிடம் ரகசியமாகக் கேட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன், அதற்கும் கோபப்பட்டேன்.

ஆனாலும் சாப்பாடு என்று வந்தால் கோபத்தை ஒத்திவைக்கத் தெரிந்த பிள்ளை நான். வந்த இரண்டாம் வாரம் அம்மா அங்கே கற்றுக்கொண்ட டாக்கோ என்ற பண்டத்தைச் செய்யப்போவதாக அறிவித்தாள். சாலைக் கடைத்தெருவில் கோழித் தீவனக் கடைக்குப் போய் முழு மக்காச்சோளம் வாங்கி வந்தாள். மனிதர் தின்னும் சோளம் அப்போது எந்தக் கடையில் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை.

"கோழி தின்னுற சாதனத்தயா நாம தின்னணும்?" என்றார் பெரியப்பா.

"ஒரு தடவ தின்னு பாருங்க அத்தான், பின்ன சொல்லுங்க," என்றாள் அம்மா.

அடுத்து அவள் செய்ததுதான் வீட்டையே கூட்டியது. தெருமுனை வெற்றிலைக் கடையிலிருந்து சுண்ணாம்பு வாங்கி வரச்சொல்லி அதை அந்தச் சோளத்தோடு போட்டு வேகவைத்தாள். வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லை; சுண்ணாம்பு வந்ததே முதல் முறை. பெரியம்மா மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். சுண்ணாம்பில் வெந்தால்தான் சோளத்தின் தோல் கழன்று வரும், இல்லாவிட்டால் மாவு ஒட்டாமல் உதிரும், அந்த வீட்டு அம்மாவின் தாயார் சொல்லித் தந்தது என்று அம்மா விளக்கினாள். ஓர் இரவு ஊறவிட்டு, காலையில் ஏழெட்டுத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கழுவுவதில்தான் எல்லாம் இருக்கிறது, கொஞ்சம் மிஞ்சினாலும் வாய் வெந்துவிடும் என்று அக்காவிடம் சொன்னாள். அக்காவுக்குச் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டேன். நல்ல விஷயங்களை எல்லாம் நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன், கெட்டதுக்கும் அதுவே வழியாயிற்று.

கழுவிய சோளத்தைக் கிரைண்டரில் ஆட்டி, பால் கவரை வெட்டி விரித்து அதன் நடுவே மாவு உருண்டையை வைத்து இரும்புத் தட்டில் அமுக்கினாள். தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் வாட்டி ஈரத்துணியில் அடுக்கினாள். மாட்டிறைச்சியைக் கடைக்காரர் கத்தியால் கொத்தித் தந்திருந்தார். அதைப் பூண்டு, சீரகம், வறுத்துப் பொடித்த வற்றல்மிளகாய் போட்டு நீர் வற்றும்வரை வதக்கினாள். வாட்டிய வட்டத்தில் ஒரு பாதிக்கு இறைச்சி, அதன்மேல் துருவிய சீஸ். மறுபாதியை மடக்கிச் சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் படுக்கவைத்து, தோசைத் திருப்பியால் அமுக்கிப் பிடித்தாள். சீஸ் ஓரமாகக் கசிந்து எண்ணெயில் பொரிந்தது. புரட்டிப் போட்டபோது தவிட்டு நிறத்தில் மொரமொரவென்று இருந்தது. முட்டைக்கோசையும் தக்காளியையும் பொடியாக நறுக்கி எலுமிச்சம்பழம் பிழிந்து உள்ளே திணித்துத் தந்தாள்.

நான் நான்கு தின்றேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்: அதுவரை என் வாயில் போட்டவற்றில் அதைப்போல ஒன்று இருந்ததில்லை. கடித்தால் சத்தம் கேட்டது, உள்ளே சாறு ஒழுகியது. பெரியப்பா மூன்றாவதை எடுத்துக்கொண்டே "கொள்ளாம்" என்றார். எங்கள் வீட்டில் கொள்ளாம் என்பதற்கு மேலே பாராட்டு கிடையாது. பின்னாளில் அக்காவுக்கு எஸ்.எஸ்.எல்.சி.யில் டிஸ்டிங்க்ஷன் கிடைத்தபோதும் இதையேதான் சொன்னார். நான் ஐந்தாவதை எடுத்து ஓரத்தை முதலில் கடித்தேன். அம்மா சட்டியருகில் நின்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "அந்தப் பிள்ளையும் இப்பிடித்தான், ஓரத்த முதல்ல கடிப்பா," என்றாள்.

ஐந்தாவதைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனேன். வயிறு நிறைந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அவள் திரும்பிப் போகாமல் இங்கேயே இருக்க யோசிக்கிறாள் என்பது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. சர்ச் முடிந்து வந்து பெரியவர்கள் மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேசினார்கள். கழக்கூட்டத்தில் நெடுஞ்சாலையோரம் பெரியப்பாவுக்கு ஒரு கடைமுறி இருந்தது, பின்னால் ஒரு சிறிய அறையும் கிணறும். டயர் ஒட்டுகிறவன் காலி செய்துவிட்டுப் போன பிறகு பூட்டிக் கிடந்தது. அங்கே ஐடி பார்க்கில் நாளுக்கு நாள் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்த காலம். வாடகை வீடுகளிலும் ஹாஸ்டல்களிலும் இளவட்டங்கள் நிரம்பியிருந்தார்கள். பொரோட்டாவும் பீஃப் ரோஸ்ட்டும் எல்லா இடத்திலும் கிடைக்கிறது, டாக்கோ எங்கேயும் கிடைக்காது, நான் போட்டால் நிற்பார்கள் என்றாள் அம்மா. அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தி, பிள்ளையையும் என்னோடு வைத்துக்கொள்கிறேன், அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம் என்றாள்.

பெரியப்பா யோசிக்க வேண்டும் என்றார். அவர் அலுவலகத்தில் கூட வேலை பார்த்த சார் ஒருவர் தம்பி பெயரில் கழக்கூட்டத்தில் பேக்கரி நடத்திக்கொண்டிருந்தார். அவரை ஒரு சனிக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிடுவோம், தின்று பார்த்துவிட்டு அவர் சரி என்றால் சாவியைத் தருகிறேன் என்று முடித்தார். அம்மா உடனே தலையாட்டினாள். ஏதோ வேலை கிடைத்துவிட்டது போல அன்றைக்கே வெற்றிலைக் கடைக்குப் போய்ச் சுண்ணாம்பு வாங்கி வந்து சிரட்டையில் போட்டு வைத்தாள்.

எனக்குக் கழக்கூட்டம் பஹ்ரைனைவிடத் தூரமாகத் தோன்றியது. பஹ்ரைனுக்கு அவள் மட்டும்தானே போனாள். கழக்கூட்டத்துக்கு என்னையும் அல்லவா கூட்டிப்போகப் பார்க்கிறாள். லாரிகள் ஓடும் ரோட்டோரத்தில், டயர் நாற்றம் அடிக்கும் அறையில், அந்தப் பெண்ணைப் பற்றியும் அந்தப் பையனைப் பற்றியும் கேட்டுக்கொண்டு இந்தப் பெண்மணியோடு தனியாக இருப்பது என்னால் நினைத்தே பார்க்க முடியாத காரியமாக இருந்தது. அக்கா இல்லாமல் நான் எதைப் பார்த்து எதைச் செய்வேன்? பெரியம்மா அந்த வாரம் முழுக்கச் சரியாகப் பேசவில்லை. ஒருநாள் என் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "நீயும் போயிட்டேண்ணா எனக்கு இந்த வீட்டுல என்ன இருக்கு பிள்ளே?" என்றாள். அவள் என்னை எதையும் செய்யச் சொல்லவில்லை, இதை நான் எந்த இடத்திலும் அழுத்திச் சொல்வேன். ஆனால் அந்தக் கேள்விக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை காலையில் அம்மா விடியும் முன்பே எழுந்து சோளத்தைக் கழுவினாள். ஏழெட்டுத் தண்ணீர் போதாதென்று பத்துப் பன்னிரண்டு தண்ணீர் மாற்றினாள். மாவை ஆட்டி வட்டிலில் எடுத்து ஈரத்துணி போட்டு மூடிவிட்டு, இறைச்சி புதிதாக இருக்க வேண்டுமென்று கரமனைச் சந்தைக்குத் தானே நடந்து போனாள். பெரியம்மா குளிக்கப் போனாள். அக்கா முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சிரட்டையில் பாதிக்கு மேல் சுண்ணாம்பு மிச்சமிருந்தது.

என் யோசனையில் எந்த ஓட்டையும் இல்லை. வாய் வெந்தால் அந்த சார் சரி சொல்ல மாட்டார். அவர் சொல்லாவிட்டால் சாவி கிடையாது. சாவி இல்லாவிட்டால் கழக்கூட்டம் கிடையாது. சுண்ணாம்பை விரலால் வழித்து மாவில் போட்டுப் பிசைந்தேன், போதுமா என்று தெரியாமல் இன்னொரு முறை வழித்துப் போட்டேன். மாவு கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகிக்கொண்டு வந்தது. பயந்துபோய் மேலே மேலே பிசைந்து நிறத்தைப் பரப்பிவிட்டு, துணியைப் பழையபடி மூடினேன். கையை வாளித் தண்ணீரில் கழுவினேன். கழுவக் கழுவ எரிந்தது. அழவில்லை; காரியம் பண்ணுகிறவர்கள் அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா திரும்பி வந்தபோது நேரம் போய்விட்டது. இறைச்சிக் கடையில் கூட்டம். வந்த வேகத்தில் இறைச்சியை வதக்கினாள், மறுபக்கம் மாவை உருட்டி அமுக்கினாள். இந்தச் சோளம் கொஞ்சம் மஞ்சள் ஜாதியாக இருக்கிறது என்று பெரியம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. வந்திருப்பவருக்காகச் சேலை கட்டியிருந்தாள். சேலையில் அவள் அடுப்படியில் நின்று நான் அதுவரை பார்த்ததில்லை. நெற்றியெல்லாம் வேர்வை, உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஜெபம் பண்ணுகிறாள் என்பது எனக்குப் புரிந்தது. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இவ்வளவு வருஷம் கழித்தும் அந்த அடுப்படி வாசலில் நின்றிருந்த பிள்ளையை நினைத்தால் எனக்கு அவளை ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலிருக்கிறது.

பார்ப்பதற்கு அன்றைய டாக்கோ முதல் தடவையைவிட நன்றாக இருந்தது. பொன்னிறம், ஓரமெல்லாம் மொரமொரப்பு. சார் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "கடையில வச்சா ஆளு நிக்கும்," என்றார். பிறகு கடித்தார். இரண்டு முறை மென்றார். கண் நிறைந்தது. மரியாதைக்காரர், துப்பவில்லை, விழுங்கிவிட்டு மெல்லிய குரலில் மலையாளத்தில், குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் தந்தால் மதி என்றார். ஒரு செம்புத் தண்ணீர் போயிற்று. பெரியப்பா கடித்ததைத் தட்டில் துப்பினார். அக்கா நாக்கை நீட்டிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். பெரியம்மா தயிரையும் சீனியையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

அம்மா கடைசியாக ஒன்றை எடுத்துக் கடித்தாள். மற்றவர்களைப்போல நிறுத்தவில்லை. அதை முழுக்க மென்று, முழுக்க விழுங்கினாள். பிறகு அடுப்படிக்குள் போய் வட்டிலில் மிச்சமிருந்த மாவைப் பிட்டுப் பார்த்தாள். உள்ளே ஓரிடத்தில் சரியாகப் பிசையாமல் வெள்ளையாகச் சுண்ணாம்பு திரண்டு கிடந்திருக்க வேண்டும். திரும்பி வந்து எல்லார் முகத்தையும் வரிசையாகப் பார்த்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

"எனக்க தப்பு தான். கழுவினது போதல," என்றாள் அம்மா.

சார் சாரமில்லை, பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே தயிரைக் குடித்தார். பெரியம்மா அவசரமாகச் சோறும் மீன்குழம்பும் எடுத்து வைத்தாள். அவர்கள் முன்னறையில் சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது நானும் அக்காவும் கொல்லைப்பக்கம் போய்விட்டோம். அக்காவுக்கு நாக்கு தடித்திருந்தது. அதைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம். அதை யாரிடமும் சொல்ல முடியாததுதான் குறை.

சார் போன பிறகு, மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, அம்மா என்னைக் கூப்பிட்டாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் போனேன். அவள் பின்வாசல் படியில் உட்கார்ந்து தேங்காயெண்ணெய்க் குப்பியைத் திறந்து வைத்திருந்தாள். என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் வெள்ளையாக உரிந்து, நகக்கண்ணில் வெடிப்பு விட்டிருந்தது. ஒவ்வொரு விரலாக எடுத்து எண்ணெய் தடவினாள். ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை. "சுண்ணாம்பு பட்டா தண்ணி விடப்பிடாது மக்களே, எண்ணெதான் போடணும்," என்றாள். இவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு. நான் சும்மா சுண்ணாம்பில் விளையாடினேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், பாவம், ஒன்றும் தெரியாதவள் என்று முடிவு செய்துகொண்டேன்.

இடது கையையும் முடித்த பிறகு அவள் என் முகத்தைப் பார்க்காமல், "இங்க ஒனக்கு சொகந்தானா மக்களே?" என்று கேட்டாள்.

"ஆமா சித்தி," என்றேன்.

அடுத்த வாரமே டிக்கெட் போட்டு அவள் பஹ்ரைனுக்குப் போய்விட்டாள். அதே வீடு, அதே பிள்ளைகள். விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று கையாட்டினாள், நானும் ஆட்டினேன். பெரியப்பா வரும் வழியில் அக்காவுக்கும் எனக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அவள் அங்கேயே இருந்தாள். அந்தப் பெண்ணும் பையனும் வளர்ந்து அமெரிக்காவுக்குப் போனார்கள். வேறொரு வீட்டில் வேறு பிள்ளைகள் கிடைத்தார்கள். என் பள்ளிக்கூடக் கட்டணம், காலேஜ், கல்யாண நகை எல்லாம் அங்கிருந்துதான் வந்தது. சுண்ணாம்பு விஷயம் எனக்கு விவரம் தெரிந்த வயதில் உறுத்த ஆரம்பித்தது. ஒரு நல்ல சமையல்காரியின் கடையை நான் ஒரு கைச் சுண்ணாம்பில் மூடிவிட்டேன் என்று நினைத்து மருகுவேன். நேரம் கூடிவரும் ஒரு நாளில் அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தேன். அவள் ஒரேயடியாகக் கரமனை வீட்டுக்கே திரும்பி வந்தபோது நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் மிகவும் மரியாதையாகப் பழகும் ஆட்களாகிவிட்டிருந்தோம். மரியாதையாகப் பழகுகிறவர்களிடம் இதையெல்லாம் எப்படிப் பேச்செடுப்பது?

போன வருஷம் பெரியம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்து நான் துணைக்குப் போய் இருந்தேன். பெரியப்பா காலமாகி நான்கு வருஷமாயிற்று. கழக்கூட்டத்துக் கடைமுறியை விற்பதற்கு ஆள் வந்திருக்கிறது என்று பேச்சு வந்தது. நான் ஏதோ வாய் தவறியது போல, அன்றைக்கு மட்டும் அந்த டாக்கோ கெட்டுப்போகாமல் இருந்திருந்தால் அங்கே அம்மா கடை வைத்திருப்பாளே என்றேன். பெரியம்மா காலை நீட்டி உட்கார்ந்தபடி என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"டாக்கோ கெட்டதுக்கும் கடைக்கும் என்ன? அந்தச் சார், ஒரு தடவ கழுவினது போதல, அவ்வளவுதானே, அடுத்த தடவ சரியாயிரும், தைரியமா தொடங்குங்கண்ணு சொல்லிட்டுத்தான் போனாரு. ஒங்க பெரியப்பா அன்னைக்கு மத்தியானமே சாவிய எடுத்து அவ கையில குடுத்தாச்சு. இடுப்புல சொருகி வச்சிருந்தா. சாயங்காலம் அவளே கொண்டு வந்து மேசையில வச்சிட்டா."

ஏன் என்று கேட்டேன்.

"பிள்ளைக்கு இங்க சொகந்தானாம், கேட்டாச்சுண்ணு சொன்னா." பெரியம்மா முழங்காலைத் தடவிக்கொண்டாள். "எனக்கு அப்ப சந்தோசமாத்தான் இருந்து பிள்ளே. பொய் சொல்லப்பிடாது இல்லியா."

நாங்கள் இதைப் பேசும்போது அம்மா பக்கத்து அறையில் மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு மாத்திரைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய்க் கதவருகில் நின்றேன். என்ன வேண்டும் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். இருபது வருஷமாக நான் தப்பான குற்றத்துக்கு வருத்தப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். சுண்ணாம்பை அவள் அன்றைக்கே தெரிந்துகொண்டாள், அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள், அதற்குப் பிறகும் திரும்பிப் போவதென்று முடிவு செய்யவில்லை. சாவி அவள் இடுப்பில் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் பின்வாசல் படியில் உட்கார்ந்து என் விரல்களுக்கு எண்ணெய் போட்டாள், இங்கே சுகம்தானா என்று கேட்டாள். நான் வேறு என்ன சொல்லியிருந்தாலும், ஒன்றுமே சொல்லாமல் நின்றிருந்தாலும்கூட, அவள் இங்கேயே இருந்திருப்பாள். அன்றைக்குக் கொல்லையில் அக்கா என்னை விளையாடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்த சித்தி எப்போது என் கையை விடுவாள் என்று மட்டும்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.